ஸ்பீக்கரில் கன்னடச் செய்தி: ஃபெரைட் கோர் வாங்கப் போகிறவர்களுக்கு

பெங்களூரு காக்ஸ் டவுனில் வீடு மாறியபோது எங்கள் ஸ்டீரியோ செட்டும் கூடவே வந்தது. ஓர் ஆம்ப்ளிஃபயர், இரண்டு ஸ்பீக்கர், ஒரு ரெக்கார்ட் பிளேயர், டிவி, செட்-டாப் பாக்ஸ், அவ்வப்போது லேப்டாப். பழைய வீட்டில் ஒரு குறையும் சொல்லாத செட், இங்கே ஓயாமல் முனகியது. எந்நேரமும் அடியில் ஓர் உறுமல். விளக்குப் போட்டால் அதன்மேல் ஒரு கரகரப்பு. போன் பக்கத்தில் இருந்தால் டிட்-டிட்-டிட். இதெல்லாம் போதாதென்று, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே மெல்லிய குரலில் யாரோ கன்னடத்தில் செய்தி வாசித்தார். வீட்டில் முதலில் சிரித்தார்கள், பிறகு "அதை அணைச்சுத் தொலைங்க" என்றார்கள். ஏறத்தாழ 12,000 ரூபாய் தண்டமாகப் போன பிறகு, 4,000 ரூபாய்க்கும் குறைவான சாமானில் எல்லாம் தீர்ந்தது, அதில் முக்கியமானது கேபிளில் மாட்டும் ஃபெரைட் கோர் என்ற வளையம். நடுவில் போன மாதங்களும் எரிச்சலும் தனிக் கணக்கு.

அந்த 12,000 எப்படிப் போனது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களுக்கும் இதே வரிசையில்தான் யோசனை சொல்வார்கள். ஆடியோ கடையில் "கேபிள் மட்டம் சார்" என்று சாதனங்களை ஆம்ப்ளிஃபயரோடு இணைக்கும் ஆர்சிஏ கேபிள் ஒன்றை, விரல் தடிமனில், 4,500 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். ஒன்றும் மாறவில்லை. அடுத்து 6,500 ரூபாய்க்கு, கரண்டைச் சுத்தம் செய்யும் என்று ஒரு பவர் ஸ்ட்ரிப். கரகரப்பு ஒரு பொட்டு குறைந்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான். சர்வீஸ் சென்டரில் பிரித்துப் பார்க்க 900 ரூபாய் வாங்கிக்கொண்டு "செட்டில் குறையே இல்லை" என்று திருப்பிக் கொடுத்தார்கள். அவர்கள் மேசையில் அது உண்மைதான். எங்கள் ஹாலில் சுவரோரமாக ஓடும் ஆறு மீட்டர் ஸ்பீக்கர் வயர் அந்த மேசையில் இல்லையே. கடைசியாக ஸ்ரீராம்புரத்திலிருந்து வந்த எலக்ட்ரீஷியன், தமிழ்ப் பையன், "அண்ணா, பிளக்குல இந்த எர்த் பின்னை எடுத்துட்டா சத்தம் நின்னுடும், நிறைய வீட்டுல பண்ணிருக்கேன்" என்றார். "வேண்டாம் தம்பி" என்று சொல்லி டீ கொடுத்து அனுப்பினேன். அவர் சொன்னது பொய்யில்லை, உறுமல் நிற்கும். ஆனால் ஆம்ப்ளிஃபயருக்குள் ஒரு நாள் இன்சுலேஷன் போனால், 230 வோல்ட் அதன் தகரப் பெட்டிக்கு வரும். அங்கிருந்து ஆர்சிஏ கேபிளின் வெளிப்பின்னல் வழியாக ரெக்கார்ட் பிளேயர், டிவி எல்லாவற்றின் மேலும் வந்து உட்காரும். எர்த் பின்னை யார் சொன்னாலும் தொடாதீர்கள்.

இத்தனை பேரும் எங்கள் வீட்டுச் சத்தத்தை ஒரே சத்தமாக எடுத்துக்கொண்டார்கள். அது நான்கு சத்தம், நான்குக்கும் வேறுவேறு காரணம். ஃபெரைட் கோர் அதில் மூன்றைத்தான் தொடும், நான்காவதை ஒருநாளும் தொடாது. அந்த நான்காவதை முதலில் ஒதுக்கிவிட வேண்டும். அடித்தொண்டையில் உறுமுகிற 50 ஹெர்ட்ஸ் ஹம் அது. இரண்டு சாதனங்கள் இரண்டு வெவ்வேறு வழியில் எர்த்தைத் தொட்டு, நடுவில் ஆடியோ கேபிளின் பின்னலும் சேர்ந்து ஒரு வளையம் உண்டாவதால் வருவது. எங்கள் வீட்டில் கண்டுபிடித்தது எளிது: ஓடிக்கொண்டிருக்கும்போதே செட்-டாப் பாக்ஸின் பின்னால் வரும் கேபிள் டிவி கோஆக்ஸை மட்டும் கழற்றினேன், உறுமல் நின்றது. அந்த கோஆக்ஸ் வேறெங்கோ எர்த்தாகி வருகிறது. கோஆக்ஸில் இடையே மாட்டி, எர்த் தொடர்பை வெட்டி சிக்னலை மட்டும் விடும் கால்வானிக் ஐசலேட்டர் 350 ரூபாய், கதை முடிந்தது. லேப்டாப்பால் வரும் ஹம்மாக இருந்தால் ஆடியோ லைனில் 600-க்கு 600 ஓம் ஐசலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் மாட்டலாம். இந்த ஹம்முக்கு எத்தனை ஃபெரைட் மாட்டினாலும் பணம்தான் போகும். 50 ஹெர்ட்ஸில் கோரின் தடை ஓர் ஓமில் சிறு பின்னம்தான்.

மீதி மூன்றும் ரேடியோ அலை சார்ந்தவை. வீட்டு வயர்கள் ஏரியல் மாதிரி வேலை செய்து அந்த அலையைப் பிடித்து ஆம்ப்ளிஃபயருக்குள் கொண்டுபோகின்றன. உள்ளே இருக்கும் டிரான்ஸிஸ்டரின் ஜங்ஷன் அதை, ஒரு பக்கம் மட்டும் மின்னோட்டத்தை விடும் டயோடு போல அறுத்து, அலையின் மேல் ஏறி வந்த பேச்சையோ கரகரப்பையோ பிரித்து நம் காதுக்குக் கொடுத்துவிடுகிறது. பழைய கிறிஸ்டல் ரேடியோவின் அதே தத்துவம், இங்கே வேண்டாத இடத்தில். எங்களுக்குச் செய்தி வாசித்தது ஆகாசவாணி பெங்களூருவின் 612 கிலோஹெர்ட்ஸ் மீடியம் வேவ். நிலையத்தின் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, அது தன் வேலையைத்தான் செய்கிறது.

எந்த வயர் ஏரியலாகிறது என்று தெரியாமல் கோர் வாங்கக் கூடாது. பார்க்கும் முறை இது. வால்யூமைக் குறைத்தால் சத்தமும் குறைகிறதா? அப்படியானால் வால்யூமுக்கு முந்திய பக்கத்தில், அதாவது ஆர்சிஏ கேபிள்கள் வழியாக நுழைகிறது. வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்தாலும் அதே அளவில் கேட்கிறதா? அப்போது ஸ்பீக்கர் வயரையோ கரண்ட் வயரையோ சந்தேகப்பட வேண்டும். பிறகு இன்புட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எல்லாம் கழற்றியும் சத்தம் இருந்தால், ஸ்பீக்கர் ஒன்றை ஆம்ப்ளிஃபயர் பக்கத்திலேயே தூக்கி வைத்து அரை மீட்டர் வயரில் மாட்டிக் கேளுங்கள். மாட்டும் முன் ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிடுங்கள், வயர் நுனிகள் ஒட்டினால் அவுட்புட் டிரான்ஸிஸ்டர் போய்விடும். எங்கள் வீட்டில் அரை மீட்டர் வயரில் கன்னடக் குரல் காணாமல் போனது, ஆறு மீட்டர் வயரில் திரும்பி வந்தது. ஸ்பீக்கர் வயர் வெளியே போகும் வழிதானே, உள்ளே எப்படி வரும் என்று கேட்கலாம். ஆம்ப்ளிஃபயரின் அவுட்புட்டிலிருந்து நெகட்டிவ் ஃபீட்பேக் என்று ஒரு பாதை மறுபடியும் இன்புட் டிரான்ஸிஸ்டருக்கே போகிறது. ரேடியோ அலை அந்தப் பின்வாசல் வழியாக நுழைகிறது. 4,500 ரூபாய் ஆர்சிஏ கேபிளால் ஏன் பலனில்லை என்பது அப்போதுதான் புரிந்தது, புரிந்தபோது கோபம்தான் வந்தது.

இப்போது கோருக்கு வருவோம். ஃபெரைட் என்பது இரும்பு ஆக்ஸைடுடன் மாங்கனீஸ்-துத்தநாகம் அல்லது நிக்கல்-துத்தநாகம் சேர்த்துச் சுட்ட, பீங்கான் போன்ற பொருள். கேபிள் முழுவதையும் அதன் ஓட்டை வழியாக விட்டால், பாட்டின் மின்னோட்டம் ஒரு கம்பியில் போய் மறு கம்பியில் திரும்புவதால் இரண்டின் காந்தப் புலமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கோருக்குப் பாட்டு போவதே தெரியாது. ரேடியோ அலையோ எல்லாக் கம்பிகளிலும் ஒரே திசையில் ஓடும், அதற்கு மட்டும் கோர் தடையாக நிற்கும், அந்தச் சக்தியை இம்மியளவு சூடாக்கி விழுங்கும். அதனால் ஒரு விதி: ஸ்பீக்கர் வயரில் சிவப்பு, கறுப்பு இரண்டும் சேர்ந்தேதான் கோருக்குள் போக வேண்டும். சிவப்பை மட்டும் விட்டால் பல ஆம்பியர் மின்னோட்டம் கோரைத் திணறடித்து, தடுக்கும் வேலையும் நடக்காது, பாட்டும் சிதையும். ஃபெரைட் மாட்டினால் ஒலியின் உயிர் போய்விடும் என்று சொல்பவர்கள் உண்டு. கேபிளை முழுசாகச் சேர்த்து விட்டவரை அந்தப் பயத்துக்கு வேலையில்லை.

எல்லோரும் கோட்டைவிடும் இடம் சுற்று எண்ணிக்கை. கேபிள் ஓட்டை வழியாக ஒரு தடவை போனால் ஒரு சுற்று. கோர்களை வரிசையாக மாட்டினால் தடை கூட்டல் கணக்கில் ஏறும், ஒரே கோரில் சுற்றினால் சுற்றின் வர்க்கத்தில் ஏறும். இரண்டு பாதியாகத் திறந்து கேபிள் மேல் மூடும் கிளிப்-ஆன் கோர் நான்கு மாட்டினால் நான்கு மடங்கு தரும், ஒரே கோரில் நான்கு சுற்று பதினாறு மடங்கு தரும். 612 கிலோஹெர்ட்ஸுக்கு இதைப் போட்டுப் பாருங்கள். 31 என்ற கலவையில் (கலவைக்குத் தயாரிப்பாளர் தரும் எண் இது), 61 மி.மீ. வெளிவிட்டமும் 35.5 மி.மீ. உள்விட்டமும் 12.7 மி.மீ. உயரமும் உள்ள பெரிய வளையத்தில் ஒரு சுற்றுக்குக் கிடைப்பது சுமார் 8 ஓம். அதே வளையத்தில் 14 சுற்று சுற்றினால் 8 பெருக்கல் 196, அதாவது 1,500 ஓமுக்கு மேல். இந்த மாதிரி வேலைக்கு 1,000 ஓமாவது இருந்தால்தான் காதுக்குத் தெரியும். லேப்டாப் கேபிளில் தொங்குகிற மாதிரியான சின்ன கிளிப்-ஆனை ஒன்று மாட்டிவிட்டு "ஃபெரைட் எல்லாம் ஏமாற்று வேலை" என்று சொல்கிறவர்கள் மீடியம் வேவுக்குச் சில ஓம்களைத்தான் வாங்கி மாட்டியிருப்பார்கள்.

அதிகம் சுற்றினால் அதிக நன்மை என்றும் இல்லை. சுற்றுகளுக்கிடையே கொஞ்சம் கெபாசிட்டன்ஸ் உருவாகும், மேல் அதிர்வெண்களில் அலை அதன் வழியாகக் கோரைத் தாண்டிக் குதித்துவிடும். 612 கிலோஹெர்ட்ஸுக்குப் பன்னிரண்டு பதினான்கு சுற்று, எல்இடி டிரைவர் (விளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி) போன்றவற்றின் சில மெகாஹெர்ட்ஸ் இரைச்சலுக்கு ஐந்து முதல் ஒன்பது, எஃப்எம் வரிசையான 100 மெகாஹெர்ட்ஸுக்கு ஒன்றிலிருந்து மூன்று, இதுதான் நடைமுறை அளவு. கலவையும் அதற்கேற்ப மாறும். மாங்கனீஸ்-துத்தநாகமான 31 கீழிருந்து 300 மெகாஹெர்ட்ஸ் வரை பரவலாக உதவும். நிக்கல்-துத்தநாகமான 43, 25 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் நன்றாக இருக்கும். 61 இன்னும் மேலே, 200 மெகாஹெர்ட்ஸைத் தாண்டி. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 31 வாங்குங்கள்.

சுற்றும் வேலையில் சில சங்கதிகள். ஒரு சுற்றுக்கு 7 சென்டிமீட்டர் பிடிக்கும், 14 சுற்றுக்கு ஒரு மீட்டர் வயர் கூடுதலாக வேண்டும், இழுத்துக் கட்டிய வயரில் இது முடியாது. 2.5 சதுர மி.மீ. தடித்த வயர் வளையாது. கடையில் 40/36 என்று கேட்டால் வரும் இரட்டை வயர் சுமார் 1 சதுர மி.மீ., ஐந்தாறு மீட்டருக்கு அது தாராளம், கோரிலும் அழகாக உட்காரும். சுற்றுகளை ஒன்றன் மேல் ஒன்று ஏற்றாமல் உள்வட்டத்தில் பக்கம் பக்கமாக வையுங்கள். முதல் சுற்றும் கடைசிச் சுற்றும் தொடாமல் ஒரு விரல் இடைவெளி விடுங்கள், தொட்டால் அலை அங்கேயே தாவிவிடும். கோரின் விளிம்பு வயரின் தோலை வெட்டக்கூடும், பூச்சு இல்லாத கோரானால் முதலில் துணி டேப் சுற்றிக்கொள்ளுங்கள். இந்த வளையம் நூறு கிராமுக்கு மேல் கனம், டெர்மினலில் தொங்கவிடாமல் ரேக்கின் பலகையில் டை போட்டுக் கட்டுங்கள். தரையில் விழுந்தால் பிஸ்கட் மாதிரி உடையும். வைக்க வேண்டிய இடம் ஆம்ப்ளிஃபயர் டெர்மினலை ஒட்டி. ஸ்பீக்கர் பக்கம் வைத்தால் நடுவிலிருக்கும் ஆறு மீட்டரும் ஏரியலாகவே இருக்கும். இடது, வலது இரண்டு சேனலுக்கும் தனித்தனி வளையம். இரண்டாவதையும் மாட்டியபின் செய்தி வாசிப்பவர் போய்விட்டார். வால்யூமை முழுக்கத் திறந்து காதை ஸ்பீக்கரில் ஒட்டிப் பார்த்தேன், 'ஸ்ஸ்' என்ற மெல்லிய மூச்சு மட்டும். எனக்குச் சந்தோஷத்தைவிட அப்பாடா என்றுதான் இருந்தது.

வாங்குவது பற்றி. பெங்களூருவில் எஸ்பி ரோடு, மும்பையில் லாமிங்டன் ரோடு, டெல்லியில் லஜ்பத் ராய் மார்க்கெட், மூன்று இடத்திலும் கிளிப்-ஆன் எளிதாகக் கிடைக்கும். 5, 7, 9, 13 மி.மீ. உள்விட்டத்தில் வரும். எனக்கு ஒன்று 60 ரூபாய்க்குக் கிடைத்தது. கேபிள் அளவுக்குச் சரியாக வாங்குவதைவிட ஒரு சைஸ், இரண்டு சைஸ் பெரிதாக வாங்கி மூன்று சுற்று விடுங்கள், ஒன்பது மடங்கு கிடைக்கும். மூடும்போது இரண்டு பாதியும் முழுதாகப் படிய வேண்டும். நடுவில் கேபிள் சிக்கியோ தூசு உட்கார்ந்தோ மயிரிழை இடைவெளி விழுந்தாலும் பலன் பெருமளவு குறைந்துவிடும். பெரிய 31 வளையம் கடையில் பெரும்பாலும் இருக்காது. நான் ஆன்லைனில் வரவழைத்தேன், ஒன்று 1,400 ரூபாய். கடையில் "ஃபெரைட் ரிங்" என்று கேட்டால், பழைய கம்ப்யூட்டரின் பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து பிடுங்கிய மஞ்சள்-வெள்ளை வளையத்தை எடுத்து நீட்டுவார்கள். அது ஃபெரைட்டே அல்ல, இரும்புத் தூள் கோர். அதன் பெர்மியபிலிட்டி, அதாவது காந்தப் புலத்தை உள்ளே விடும் திறன், 75; 31 கலவையின் பெர்மியபிலிட்டி 1,500. இருபதில் ஒரு பங்கு வேலைதான் செய்யும். பெயர் தெரியாத கோரை, இண்டக்டன்ஸ் அளக்கும் எல்சிஆர் மீட்டரில் சோதிக்கலாம்: மேலே சொன்ன அளவுள்ள 31 வளையத்தில் 10 சுற்று சுற்றினால் 200 மைக்ரோஹென்றி அளவில் காட்ட வேண்டும். மீட்டர் இல்லையென்றால் சாதாரண மல்டிமீட்டரின் இரண்டு முனையையும் பூச்சில்லாத கோரின் மேல் அழுத்துங்கள். மாங்கனீஸ்-துத்தநாகம் ஏதாவது ஒரு ரெசிஸ்டன்ஸ் காட்டும், நிக்கல்-துத்தநாகம் ஓப்பன் என்று காட்டும்.

போனின் டிட்-டிட்-டிட்டுக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2ஜி-க்கு இறங்கும் போன், 4.615 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை விட்டுவிட்டு ஒலிபரப்புவதால் 217 ஹெர்ட்ஸ் கொர்ரென்ற சத்தம் கேட்கிறது. அலை 900 அல்லது 1800 மெகாஹெர்ட்ஸில் இருப்பதால் ரெக்கார்ட் பிளேயர் கேபிளில், ஆம்ப்ளிஃபயர் முனையை ஒட்டி ஒற்றைச் சுற்றாக இரண்டு கிளிப்-ஆன் மாட்டினேன். பாதி குறைந்தது. போனை ஒரு மீட்டர் தள்ளி வைத்ததும் மீதியும் போனது. இங்கே தூரம்தான் மலிவான மருந்து. ரெக்கார்ட் பிளேயரில் ஊசி தருவது சில மில்லிவோல்ட்தான், அதனால் வீட்டிலேயே மிக நொய்ந்த கேபிள் அதுதான். முதல் கிளிப்பை அதற்குக் கொடுங்கள்.

விளக்குக் கரகரப்புதான் அதிகம் அலைக்கழித்தது. ஏனென்றால் அதில் குற்றவாளி ஒன்றல்ல. பேட்டரியில் ஓடும் சின்ன ஏஎம் ரேடியோ ஒன்றை எடுத்து, நிலையம் இல்லாத இடத்தில் முள்ளை வைத்து வீடு முழுக்க நடந்தேன். எது இரைகிறதோ அதன் அருகே ரேடியோ கத்தும். ஹாலின் ஃபால்ஸ் சீலிங்கில் ஓர் எல்இடி பேனலின் டிரைவர், லேப்டாப் சார்ஜர், பிறகு படுக்கையறை ஃபேன் ரெகுலேட்டர். இரைச்சலை ஆம்ப்ளிஃபயரிடம் தடுப்பதைவிட அது பிறக்கும் இடத்தில் அடைப்பது மேல். சார்ஜரின் டிசி வயரை 13 மி.மீ. கிளிப்-ஆனில் ஐந்து சுற்று, சார்ஜர் பெட்டிக்கு அருகிலேயே. பேனல் டிரைவருக்கு மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, ஃபேஸும் நியூட்ரலும் சேர்த்து ஒரே கோரில் ஐந்தாறு சுற்று. இதை எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்யுங்கள். ஃபேஸை மட்டும் கோருக்குள் விட அவர் முயல்வார், பக்கத்தில் நில்லுங்கள். ஆம்ப்ளிஃபயரின் பவர் கார்டில் மூன்று கம்பியும் சேர்ந்த முழு கார்டையே சுற்றலாம், எர்த்தைப் பிரிக்க வேண்டியதில்லை.

கிளிப்புகளைக் கண்ட இடத்தில் மாட்டிப் பயனில்லை என்று காட்டியது எச்டிஎம்ஐ கேபிள். அதில் இரண்டு மாட்டினேன், ஒரு மாற்றமும் இல்லை, கழற்றிவிட்டேன். இரைச்சல் அந்த வழியாக வரவே இல்லை. ஒவ்வொரு கோரையும் மாட்டியதும் கழற்றிக் கேட்டு, மறுபடி மாட்டிக் கேளுங்கள். வித்தியாசம் தெரியாவிட்டால் அது அங்கே தேவையில்லை, வேறு கேபிளுக்கு உதவும். எல்லாம் செய்தும், மூன்று பின் உள்ள எக்ஸ்எல்ஆர் ஆடியோ இணைப்பில் இரைச்சல் தொடர்ந்தால் சாதனத்தின் உள்ளேயே கோளாறு இருக்கலாம்: கேபிளின் பின்னல் வந்து சேரும் 1-ஆம் பின், வெளிப்பெட்டியில் சேராமல் நேராக சர்க்யூட் போர்டுக்குப் போயிருக்கும். தொண்ணூறுகளில் ஆடியோ பொறியாளர் நீல் மன்சி இதை விளக்கி எழுதிய பிறகு 'பின் 1 பிரச்சினை' என்றே பெயர். கோர் அங்கே நோயைத் தணிக்கும், தீர்க்காது.

ஃபேன் ரெகுலேட்டர் மட்டும் கோருக்கு மசியவில்லை. அது வட்டமாகத் திருகும் ட்ரையாக் வகை, ஒவ்வொரு அரைச் சுழற்சியிலும் கரண்டை வெட்டி வெட்டி அனுப்புவதால் நொடிக்கு 100 முறை ஒரு முள் கிளம்பும். கோர் போட்டால் கரகரப்பின் கூர்மை மழுங்கியது, அடியிலிருந்த சத்தம் போகவில்லை. அதை எடுத்துவிட்டு, டக் டக்கென்று படிப்படியாகத் திரும்பும் கெபாசிட்டர் வகை ரெகுலேட்டர் போட்டோம். அதில் வெட்டுவதே இல்லை, அதனால் இரைச்சலும் இல்லை. 350 ரூபாய் ஆனது, வீட்டுக்காரர் வாடகையில் கழித்துக்கொள்ளச் சொன்னார்.